கே.என்./எஸ்.கே.

கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள்,
தட்டித் தருகிறேன் என்றேன்.
கேத்தூரா நவ்காவ்கர் மறுபேச்சில்லாமல்
தாள்களை நீட்டினாள்.
ஃபோர்ட் கிளையில் மாலை ஆறு மணி.
மின்விசிறிகள் நின்ற பிறகு
ரெமிங்டனின் சத்தம் தெரு வரைக்கும் கேட்கும்.

ஐந்து பிரதி, நடுவே நான்கு கார்பன்.
லெனின்கிராடில் ஒரு பொறியாளர்,
கிரிகோரி ஃபெல்ட்ஷ்டைன்.
நாட்டை விட்டுப் போக அனுமதி கேட்டு
எழுதிக் கொடுத்த மறுவாரம் வேலை போயிற்று.
இப்போது ஏதோ கட்டடத்தின் அடியில்
கொதிகலனுக்குக் கரி அள்ளுகிறார்.
யூதர் என்று அவருடைய படிவமே சொல்லும்,
ஐந்தாவது கட்டத்தில்.
மகள் ரீத்தா. வயது ஒன்பது.

ஒன்பது என்று தட்டிவிட்டு நிறுத்தினேன்.
என் மகளின் கணக்கு நோட்டுக்கு
அந்த நாட்டுப் பத்திரிகையில்தான் அட்டை போட்டிருக்கிறேன்.
வழுவழுத் தாள். கோதுமை வயலில்
ஒரு பெண் சிரிப்பாள்.
மே தினத்தன்று எங்கள் சங்கத்தில்
முதல் கொடி என் கையில்.

"இங்கே எங்களை யாரும் ஒன்றும் செய்ததில்லை"
என்றாள் கேத்தூரா, டிபன் டப்பாவை மூடியபடி.
"என் தம்பி பேர்ஷேபா போனான்,
பெட்டியின் எடையை மட்டும்தான் கேட்டார்கள்.
அதனால்தான் கேட்கிறேன்."

மாட்டுங்காவில் மச்சான் கடைக்குக் கல் விழுந்த வருடம்
எங்களைப் போ என்றார்கள்.
தமிழ்ப் பலகையைக் கழற்றி
அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு
போகாமல் இருந்தோம்.
போ என்பவனிடம்
மாட்டேன் என்று சொல்லத் தெரிந்த எனக்கு
போகாதே என்பவனும் இருப்பான் என்பது
இரண்டாம் பத்தியில்தான் உறைத்தது.

வியாழன்தோறும் நேப்பியன் சீ ரோடு.
தூதரகக் கதவுக்கு வெளியே
ஒரு வாரம் நான்கு பெண்கள், ஒரு வாரம் ஏழு.
ஆடி மழையில் அவள் மட்டும்,
குடையோடு.
சதாராக்காரக் காவலாளி
"சாகேப் இல்லை, தாயீ" என்பான்.
கேட்டின் இடுக்கில் செருகிவிட்டு வருவாள்.
மறுநாள் சாக்கடையோரம் கிடக்கும், பிரிக்காமல்.

ஐந்தாம் பிரதி எப்படியோ
தோழர் மயேகரிடம் போய்ச் சேர்ந்தது.
மங்கிப்போன எழுத்து.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரல் வைத்தார்
இடது ஓரம், கீழே:
கே.என். சாய்கோடு எஸ்.கே.
சொன்னவர் பெயர், தட்டியவர் பெயர்.
பதினெட்டு வருடப் பழக்கம், கை போட்டுவிட்டது.

"யார் இந்த எஸ்.கே.?"
செந்தூர்க்கனி. நான்தான், தோழர்.
"அவன் போய் இறங்குகிற ஊரில்
யாரைக் கிளப்பிவிட்டுக் காலி செய்த வீடு,
அதையும் தட்டினாயா?"
இல்லை.
அது வேறு மனு.
கொண்டு வாருங்கள், தட்டுகிறேன்.

அவர் கொண்டு வரவில்லை.
என் சாயாவுக்கும் காசு கொடுத்துவிட்டுப் போனார்.
அந்த மே தினத்தில்
கொடி வேறு கைக்கு மாறியது. நான் பின்வரிசை.

மாலை ஆறு. மின்விசிறி நின்றது.
தேதியை மட்டும் மாற்றினால் போதும் என்றாள் கேத்தூரா.
நாற்பத்து மூன்றாவது வியாழனுக்கு.
தேதியை மாற்றினேன்.
அவள் சொல்லாமலே
ரீத்தாவின் வயதை
பத்து என்று தட்டினேன்.