ஐந்தாம் கால்

பாளையங்கோட்டைக் கல்லூரியில்
விலங்கியல் அருங்காட்சியகம் என்று போர்டு மாட்டிய அறைக்கு
இரண்டு தலை ஆட்டுக்குட்டியைப் பார்க்கத்தான் பிள்ளைகள் வருவார்கள்.
அதற்குப் பின்னால், மூன்றாம் தட்டில்,
ஒன்றுமே இல்லாததுபோல் நிற்கும் என் குப்பி.
அடியில் ஒரு சிட்டிகை மண்டி.
உள்ளே மூழ்கிக் கிடக்கும் சீட்டு:
உவரி. பாசி அலசியது. மூன்று பாகம் ஆழம். 11-2-58.
எழுதியவர் பெயர் இருந்த மூலையை
ஸ்பிரிட் தின்றுவிட்டது.

மண்டியைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி
மணல், சிப்பித் தூள், மணல், பாசிக் கிழிசல், மணல்
என்று தள்ளிக்கொண்டே போனால்
திடீரென்று மணலல்லாத ஒன்று.
துடுப்புக்காலி. பெண்.
ரவையில் பாதி நீளம்.
நெற்றி நடுவே ஒற்றைக் கண் இருந்த இடம் வெளிறி,
வயிற்றோடு ஒட்டிய பையில் ஏழு முட்டை.
ஒரு பிப்ரவரியிலிருந்து
அறுபத்தாறு வருடமாகச் சுமக்கிறாள்.

எங்கள் ஊரில்
பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு
ஆளை இன்னாரென்று தட்டில் ஏற்றிவிடுவார்கள்.
இவளிடம் கேட்க ஐந்தாம் கால் ஒன்றுதான்.
காலைப் பார்க்கக் காலைக் கழற்ற வேண்டும்.
இருப்பதோ ஒருத்தி.

மூன்று நாள் ஊசியைத் தீட்டிக்கொண்டே இருந்தேன்.
நாலாம் நாள் மின்விசிறியை அணைத்து, சன்னலைச் சாத்தி
(வண்ணார்பேட்டை பஸ் திரும்பினால்கூட மேசை அதிரும்)
கிளிசரின் துளிக்குள் அவளைப் பிரித்தேன்.
முட்டைப்பை முதலில் விலகியது.
அதைத் தனி ஸ்லைடில் வைத்தேன்.
தேவை இல்லை. வைத்தேன்.

இடக்காலில் ஐந்து மயிர்.
வலக்காலில் நான்கு.
இடமும் வலமும் ஒவ்வாத ஒருத்தியை
இந்தப் பேரினத்தில் இதுவரை யாரும் எழுதவில்லை.

அன்றிரவே பெயர் வைத்துவிட்டேன்.
கொம்பையா:
முப்பத்தொரு வருடம், ஒவ்வொரு மே மாதமும்
எல்லாக் குப்பியையும் திறந்து
வற்றியதை ஊற்றி நிறைத்து
மூடிக்கு மெழுகு வைத்த அட்டெண்டர்.
அவர் ஊற்றாமல் விட்ட ஒரு வருடம் போதும்,
இவள் தூசி.
லத்தீனுக்காகக் கடைசியில் ஓர் இகரம் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.
இவளுக்கும் நீளமாய் இரண்டு கொம்பு உண்டு;
பெயரும் கொம்பு போட்டுத்தான் தொடங்குகிறது.
போனில் சொன்னேன்.
"எம்புட்டு இருக்கும்?" என்றார்.
சொன்னேன்.
"அதுக்கு எம்பேரு தாங்குமாம்மா?"

பதினான்கு தாளில் படம்.
கடைசியாக வலக்கால்.
எண்ணெய் ஒரு சொட்டு விட்டு
நூறு மடங்கு வில்லையை இறக்கினேன்.
நான்காவதற்கு அப்பால், ஓரத்தில்,
ஒரு வட்டம்.
மூக்குத்தி கழற்றிய துளைபோல.
ஐந்தாவது இருந்திருக்கிறது.
ஒடிந்தது உவரி அலையிலா,
குப்பிக்குள்ளா,
என் ஊசியிலா.

ஒடிந்ததென்றால் இவள் புதியவள் இல்லை.
எங்கோ செங்கடலில்
யாரோ எப்போதோ பெயரிட்டு முடித்த
சாதாரணமானவள்.

துளையை வரையாமல் விட்டால் யாருக்குத் தெரியும்?
சாரலில் நனைந்துகொண்டு முருகன்குறிச்சிவரை
இந்தக் கேள்வியும் என்னோடு நடந்து வந்தது.
ஸ்லைடின் ஓரம் அடைக்க நகப்பூச்சு வாங்கினேன், நிறமில்லாதது.
கடைக்காரப் பெண் என் விரல்களைப் பார்த்து
"சிவப்பு எடுத்துக்கிடுங்கக்கா" என்றாள்.

திரும்பி வந்து
துளையைத்தான் முதலில் மைப்பேனாவில் வரைந்தேன்.
சீட்டில் பழைய பெயர்.
அதன் கீழே: உவரியில் முதல் பதிவு.
வலக்கால் ஐந்தாம் மயிர் இல்லை; குழி உண்டு.

கொம்பையாவிடம் இன்னும் சொல்லவில்லை.
அடுத்த மே வந்தது.
குப்பிகளை நானே திறந்து ஊற்றினேன்,
இரண்டு தலைக்குட்டிக்கும் சேர்த்து.
மெழுகு சரியாகப் பிடிக்கவில்லை.

ஏழு முட்டை இருக்கிற ஸ்லைடில் மட்டும்
எதை எழுதுவது என்று தெரியாமல்
ஓரத்தில், பென்சிலால்,
'கொ' என்று போட்டு வைத்திருக்கிறேன்.