மூன்றாம் எண் பம்பு

ஓதம் ஏறும் நேரம் பார்த்துத்தான் படகு விடுகிறார்கள்.
இன்றைக்குக் காலை ஒன்பது நாற்பது.
இரவு ஷிப்ட் முடித்து, குளிக்காமல்,
பாலம் தாண்டி ஐரோலிக்கு வந்து
வரிசையில் நின்றேன்.
கையில் இரண்டு டிக்கெட்.
ராஜகனி வரவில்லை.
"ஒங்க வேலை நாத்தத்த
காசு குடுத்து வேற பாக்கணுமா?"
நேற்றே முடித்துவிட்டாள்.

பட்டியலோடு நின்ற பெண்
செந்தூர்பாண்டி என்பதைச்
செந்தூர் பாண்டே என்று வாசித்தாள்.
இருபத்தாறு வருஷமாக இந்த ஊரில்
நான் காசிப் பக்கத்துக்காரன்.
கையைத் தூக்கினேன்.
ஆரஞ்சு ஜாக்கெட் ஒன்று கிடைத்தது,
முந்தின படகின் வியர்வையோடு.

முன் பெஞ்சில் ஒருவர்
லென்ஸுக்கு மழைக்கோட்டு போட்டிருந்தார்.
அவருக்கு இல்லை.
படகோட்டி நாம்தேவ் போயிர்
காலால் சுக்கானைத் திருப்பிக்கொண்டே
புகையிலை கசக்கினார்.
கண்டல் வேர்களில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
யாரோ எழுந்து போன மாதிரி.
சேற்றில் நடக்கும் மீன்கள்.
பழைய வலைக் கம்புகள் வரிசையாக;
கம்புக்கு ஒரு நீர்க்காகம்,
சிறகு விரித்து, காய்ந்துகொண்டு.
பாலத்தின் மேலிருந்து இரண்டு பையன்கள்
தூண்டில் விட்டிருந்தார்கள்.
எங்களைப் பார்த்துக் கையசைத்ததில்
ஒருவன் செருப்பு தண்ணீரில் விழுந்தது.

எஞ்சின் நின்றது.
பேசாதீர்கள் என்றாள் பட்டியல் பெண்.

தூரத்தில் முதலில் ஒரு நிறம் மட்டும்.
கால்களும் கழுத்தும் பிறகு வந்து சேர்ந்தன.
பூநாரைகள்.
தலையைக் கவிழ்த்து
அலகைப் புரட்டி வைத்து
சேற்றையே பார்த்துக்கொண்டு ஆயிரக்கணக்கில்,
கல்யாண வீட்டில்
கம்மல் திருகாணி ஒன்று தொலைந்துபோய்
மொத்த சனமும் குனிந்து தேடுவது போல.
அந்த முணுமுணுப்பும் அப்படியே,
பந்தியில் இலை விழுமுன் எழும் பேச்சு.

"ஏன் ரோஸ் கலர்?" என்றது ஒரு குழந்தை.
பாசியைத் தின்பதால்.
"பாசி என்ன தின்னும்?"
அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள்.
நம் வீட்டுச் சாக்கடையை, என்றாள்.
படகே மூக்கைச் சுளித்துச் சிரித்தது.

நான் எதிர்க்கரையைப் பார்த்தேன்.
கண்டலுக்கு மேலே
எங்கள் நிலையத்தின் நீலத் தகரக் கூரை.
இரவு இரண்டரைக்கு
சல்லடையில் நான் வாரி எடுப்பது
முடிக்கற்றை, பால் பாக்கெட்,
மாலை நார், ஒருமுறை
களிமண் பிள்ளையாரின் ஒரு கை.
மிச்சமெல்லாம் மூன்றாம் எண் பம்பு வழியே இந்தப் பக்கம்.
ஜூலையில் அதன் பேரிங் உடைந்தபோது
இடுப்பளவு இறங்கி நின்றவன் நான்.

அதோ அந்த ஓரத்துக் கூட்டம்,
கொஞ்சம் அழுத்தமான ரோஸ்.
அது என்னுடையது என்று
யாரிடமாவது சொல்லத் தோன்றியது.
பக்கத்து இருக்கை காலி.

நாம்தேவ்தான் பேசினார், இந்தியில்,
யாருக்கும் இல்லாமல்:
"இந்த இடத்துல மடவை வரும், இறால் வரும்.
இப்ப வலை போட்டா டயாப்பர்.
பறவைக்குச் சோறு கிடைச்சுது.
எனக்குப் பறவை கிடைச்சுது."
கோபமாகச் சொன்னது போல இல்லை.
கயிற்றை இழுத்து எஞ்சினை எழுப்பினார்.
"பாண்டேஜி, உங்களுக்கு என்ன வேலை?"
தண்ணீர் டிபார்ட்மென்ட், என்றேன்.
"நல்ல வேலை," என்றார்.

சத்தத்தில் ஒரு பகுதி எழுந்தது.
சிறகுக்கு அடியில் அவ்வளவு சிவப்பும் கறுப்பும்
ஒளிந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.
லென்ஸ்காரருக்குக் கார்டு நிறைந்துவிட்டது.
நான் போனில் ஒன்று எடுத்தேன்,
பாதிப் படம் முன்னாலிருந்தவர் தொப்பி.

ராஜகனிக்கு அனுப்பினேன்.
கலர் நல்லாருக்கு, என்று வந்தது.
வரும்போது தேங்காய்.

ராத்திரி பதினொன்றுக்கு
பச்சைப் பட்டனை அழுத்துமுன்
கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.
தேங்காய் மறந்துபோயிருந்தது.