ஆறு மணிக்கு இருவர்

திங்கள் சாயங்காலம் தடுப்பூசி வாங்கப் போனபோது
மருந்தக ஜன்னலுக்குள்ளிருந்து மொக்கராசு கேட்டார்:
"சிஸ்டர், செவ்வாய் காலை ஆறு மணிக்குக்
கும்பக்கரையிலிருந்து ஏறுறீங்க.
புதன் காலை அதே ஆறுக்கு
மேல்கவியிலிருந்து இறங்குறீங்க.
ரெண்டு நாளும் ஒரே மணிக்கு, ஒரே நிமிஷத்துக்கு
நீங்க நின்ன இடம்னு தடத்துல ஒண்ணு
கட்டாயம் இருக்குமா, இருக்காதா?"

பழனி மலையின் இந்தப் பக்கம்
இருபத்திரண்டு வருஷமாய் என் காலுக்குத் தெரியும்.
ஏற ஐந்து மணி நேரம், இறங்க மூன்று.
அட்டை ஏறினால் கூடக் கால்மணி.
காட்டுமாடு நின்றால் அது மனசு வைக்கிற வரை.
"அதெப்படிச் சொல்ல முடியும்" என்றேன்.
ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் ஏற்றத்தில் அதையே நினைத்தபோது வரவில்லை.
மூச்சு வாங்க உட்கார்ந்து
தண்ணீர் பாட்டில் மூடி இறுகிக்கொண்டதே என்று
திருகிக்கொண்டிருந்தபோது வந்தது:

இரண்டு நாளை ஒரே நாளாக்கு.
புதன்கிழமைக்காரியைச் செவ்வாயன்றே இறக்கிவிடு.
ஆறு மணிக்குக் கீழிருந்து ஒருத்தி, மேலிருந்து ஒருத்தி.
தடம் ஒன்று. ஓராள் அகலம்.
சந்திக்காமல் எங்கே போவார்கள்?

தனியே சிரித்தேன்.
பத்தாவதில் கணக்கில் இரண்டு தரம் கோட்டைவிட்டவள் நான்.

மேலே ராசாமணிக்கு வலி கண்டிருந்தது,
மூன்று வாரம் முன்னதாகவே.
டோலி கட்டிப் புறப்படுவதற்குள் மழை,
மழை விடுவதற்குள்

விடியலில் பதிவேட்டைத் திறந்தேன்.
பிறப்பில் ஒன்று எழுதினேன்.
இறப்பில் ஒன்று எழுதினேன்.
ஊர் மொத்தம் நேற்று இருநூற்றுப் பதினாலு.
இன்றும் இருநூற்றுப் பதினாலு.
சரியாக இருந்தது. இன்னொரு முறை கூட்டினேன்.

ஆறு மணிக்கு இறங்கினேன்.
நெஞ்சோடு கட்டிய துணிக்குள் இரண்டு கிலோ நூறு.
பின்னால், பேசாமல், ராசாமணியின் நாத்தனார்.
இரவு மழைக்குக் காப்பி பூத்துவிடும் போல,
மொட்டுகள் வெளுத்திருந்தன.

எட்டு மணி நெருங்கும்போது நினைத்தேன்:
அவள் இப்போது ஏறிவந்துகொண்டிருப்பாள்,
புதிர் அவிழ்ந்த சிரிப்பு இன்னும் முகத்தில் இருக்கும்.
சொல்லலாம் அவளிடம்: உட்காராதே, ஓடு.
அந்தப் பத்து நிமிஷம் எதையும் மாற்றியிருக்காது, தெரியும்.
தெரிந்தும் சொல்லலாம்.

நிரூபணத்துக்கு இதெல்லாம் பொருட்டில்லை.
அவள் ஓடினால் இடம் மேலே நகரும்.
உட்கார்ந்தால் கீழே நகரும்.
இல்லாமல் மட்டும் போகாது.
இருக்கிறது என்று சொல்லும்;
எங்கே என்று சொல்லாது.

சுமையோடு வருகிறவருக்கு
வெறுங்கையாய் வருகிறவர் ஒதுங்க வேண்டும்,
இந்தத் தடத்தின் வழக்கம் அது.
அவள் தோளில் பெட்டி.
என் நெஞ்சில் பிள்ளை.
இரண்டில் எது சுமை என்று
மொக்கராசு கேட்கவில்லை.

ஒரு பாறைத் திருப்பத்தில்
ஓரமாய் ஒதுங்கி நின்றேன்.

"யாருக்கு வழி விடுறீங்க?" என்றாள் நாத்தனார்,
விடிந்ததிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு.

பிள்ளை அசைந்தது.
நான் வாட்சைப் பார்க்கவில்லை.