ஏழாவது குழி

"எத்தனை பேர்?"
"ஒருவர்."
எதிர்முனையில் ஒரு பேனா நின்றது.
ஸ்காட்லாந்தின் வடகோடி, செப்டம்பர்,
விடுதி அறையில்
ஹீட்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
"நால்வராய் வருபவர்களுக்கு வழிவிட வேண்டும்.
காலை ஆறு ஐம்பது. சரியா?"
கடைசிப் பந்தியிலாவது இலை கிடைத்ததே என்று
சரி என்றேன்.

வாடகை மட்டைகள்.
கைப்பிடியில் வேறு யாருடைய விரல்களோ
தேய்ந்து கிடந்தன.
முதல் குழியிலேயே பந்து புதருக்குள் போனது.
தேட இரண்டு கண்கள் போதாது.
மூன்றில் நல்ல அடி.
திரும்பிப் பார்த்தேன்:
செம்மறி ஒன்று, மெல்லுவதை நிறுத்தவில்லை.

பன்னிரண்டில்,
சொன்னால் நம்பமாட்டீர்கள்,
எதிர்காற்றைக் கிழித்துப் போய்
கொடிக்கு ஒரு முழம் தள்ளி
உட்கார்ந்தது பந்து.
அடடா என்று நானே சொல்லிக்கொண்டேன்.
கொஞ்சம் சத்தமாகத்தான்.

அட்டையின் அடியில் ஒரு கோடு காலியாக:
உடன் ஆடியவர் கையொப்பம்.

புல்வெட்டும் வண்டியை நிறுத்தி
கையுறையைக் கழற்றினாள் இஷ்பெல்.
பன்னிரண்டைப் பற்றிச் சொன்னேன்.
கேட்டுக்கொண்டாள்.
"நான் பார்த்தது ஏழாவது மட்டும்.
மணலுக்குள் ஐந்து முறை வெட்டினீர்கள்.
அதற்கு வேண்டுமானால் போடுகிறேன்."

ஏழுக்கு நேரே
நான் எழுதியிருந்த ஐந்தை அடித்தாள்,
ஒன்பது என்று எழுதினாள்,
பக்கத்தில் பெயரின் முதல் எழுத்து.
மழை தூறத் தொடங்கியிருந்தது.

நாளை ஏழாவதன் பக்கம்
எத்தனை மணிக்குப் புல் வெட்டுவீர்கள்
என்று கேட்டு வைத்தேன்.