மூன்றாம் பக்கத்தில் ஒரு திருத்தம்

கதையில் அவளுக்கு வேறு பெயர் வைத்திருந்தேன்.
கொஞ்சம் உயரம் கூட்டினேன்.
குரலுக்குள் இரும்பு போட்டேன்.
கிழமைக் கடன் அறவிட வந்தவனுக்கு
மீசையும் சிவந்த கண்ணும் கொடுத்து
கறுத்த மோட்டார்சைக்கிளில் ஏற்றினேன்.
அவள் ஒரு சொல் சொல்ல
அவன் படலையோடு திரும்பிப் போனான்.
எழுதி முடித்தபோது
எனக்கே கைதட்டத் தோன்றியது.

பாசையூர் ஒழுங்கையில்
மீன்பெட்டி கழுவிய தண்ணி காய்கிற நேரம்
டெல்சியா வந்தாள். பதினைந்து வயது.
பள்ளிக்கூடச் சப்பாத்தைக் கழற்றாமல்
வாசலில் நின்றபடியே வாசித்தாள்.
மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

"ஏன் என்னை அழாமல் விட்டனீங்கள்?"

அண்டைக்கு அழுதவளாம்.
கிணற்றடியில் நின்று, வாளிச் சத்தத்துக்குள்.
பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து
அம்மா ஒப்பம் வைத்த தாள்களை
ட்ரங்குப்பெட்டிக்குள் இருந்து எடுத்தாளாம்.
ஒன்பது பக்கம், எறும்பெழுத்து,
அம்மாவுக்கு ஒருவரும் வாசித்துக் காட்டாதது.
பென்சிலால் வட்டியைக் கூட்டியிருக்கிறாள்.
இரண்டுதரம் பிழைத்தது.
மூன்றாம்தரம் பார்த்தால்
எடுத்த காசு மாசியிலேயே கட்டி முடிந்திருந்தது.

"அந்த அண்ணாவுக்கு மீசையே இல்லை.
தர்சிகன் எண்டு பேர். இருபத்திரண்டு இருக்கும்.
நான் ஏழாம் பக்கத்தை வாசிக்க வாசிக்க
அவருக்கும் வேர்த்தது.
தானும் இதை வாசிக்கேல்லை எண்டார்.
அடுத்த சனி சைக்கிளில வந்தார்,
கொம்பனி மோட்டார்சைக்கிளைத்
திருப்பிக் குடுத்திட்டாராம்.
மற்ற வீடுகளின்ர கணக்கையும்
ரெண்டு பேருமாத்தான் பாத்தம்.
அதைப் பெரிசா எழுதாதேங்கோ,
அவருக்கு வீட்டில ஒரே பேச்சு."

அவள் போன பிறகு அழித்தேன்.
முதலில் மீசையை.
குரலில் இருந்த இரும்பைக் கழற்ற
இரண்டு நாள் எடுத்தது.
கிணற்றடிதான் வரவில்லை.
தனியே நின்று முகம் கழுவுகிற ஒருத்தியை
எந்தப் பக்கம் நின்று பார்ப்பது?
கடைசியில் வாளியை மட்டும் எழுதினேன்,
கயிறு நனைந்திருந்ததை எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை வந்து வாசித்தாள்.
"இப்ப பரவாயில்லை" என்றாள்.
பிறகு மேசைக்குக் கீழே குனிந்து
நான் கசக்கி எறிந்த வீரத்தையெல்லாம்
ஒவ்வொன்றாய் எடுத்து
முழங்காலில் வைத்து நீவினாள்.

"இதுகள் உங்களுக்கு வேணுமோ?
பின்பக்கம் வெறுமையாக் கிடக்கு.
ஆறாவது வீட்டுக் கணக்கு
இன்னும் செய்யேல்லை."