பதினோராவது குழாய்

கோத்தகிரி டெப்போவில் விடியக் காலை
சட்டைக் கையைச் சுருட்டி நீட்டியவர்கள் பதினாலு பேர்,
எல்லோரும் ஓட்டுநர்கள்.
நூற்றெழுபத்தாறுக்கு நூற்றெட்டு என்றதும்
"மெஷின் பழசா மேடம்?" என்றார் மாசிலாமணி.
குழாயில் அவர் பெயரை எழுதவில்லை.
பதினொன்று, அவ்வளவுதான். விதி.

ஐஸ் பெட்டியை மடியில் வைத்து
அவர் ஓட்டும் வண்டியிலேயே இறங்குகிறேன்.
தன் ரத்தம் மூன்றாம் சீட்டில்
டிக்கெட் எடுக்காமல் வருவது அவருக்குத் தெரியும்.
"பாத்து, சிந்திடப் போவுது"
கண்ணாடிக்குள்ளிருந்து சொல்கிறார்.

குஞ்சப்பனைக்கு முன்பே காது அடைத்துவிட்டது.
வளைவுக்கு வளைவு ஹாரன்.
எனக்குப் பஞ்சுக்குள்ளிருந்து கேட்கிறது.
ஒலி குறையவில்லை,
வாங்குகிற இடம்தான் சாத்திக்கொண்டது.

இருபத்திரண்டு வருடம்.
மூடுபனி, எதிரே லாரி, குறுக்கே காட்டெருமை,
பிரேக் பிடிக்குமா என்ற அந்த அரை நொடி.
ஒவ்வொன்றுக்கும் அட்ரினலின் வந்து தட்டியிருக்கும்.
'தளர்' என்ற சொல்லைக் கேட்கத்தான்
செல்லின் தோலில் பீட்டா ஏற்பிகள் நிற்கின்றன.
முதலில் ஓடி ஓடித் திறந்திருக்கும்.
பிறகு ஒரு நொதி
அவற்றின் வாலில் பாஸ்பேட்டை முடிந்துவிட்டது.
முடிச்சைக் கண்டு அரெஸ்டின் வந்தது,
கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனது.
'இறுக்கு' என்பதைக் கேட்கும் ஆல்பா மட்டும்
இன்னும் வாசலில், கொட்டக் கொட்ட விழித்தபடி.

இதெல்லாம் ரத்தக் குழாய்ச் சுவரின் கதை.
அதை நான் கிள்ளிப் பார்க்க முடியாது.
வெள்ளணுவிடம் விசாரிக்கிறேன்,
பூட்டிய வீட்டைப் பற்றிப் பக்கத்து வீட்டில் கேட்பதுபோல.

கோவையில் இரவு பதினொன்றரை.
மருந்தை விட்டுக் காத்திருந்தேன்.
எட்டாவது குழாய் உடனே பதில் சொன்னது.
பதினொன்றில், உள்ளே எழ வேண்டிய சேதி
பாதிகூட எழவில்லை.
பிப்பெட்டைக் குற்றம் சொல்லலாமே என்று
இன்னும் இரண்டு முறை செய்தேன்.
அதே எண்.

அழுத்தம் வந்து செவிடானதா,
செவிடானதால் அழுத்தம் வந்ததா?
நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

காலையில் மாத்திரைச் சீட்டு கொடுத்தபோது
மடித்து, டிக்கெட் கட்டுக்குப் பின்னால் செருகியிருந்தார் கண்டக்டர்;
"அண்ணன் தொலைச்சிருவார்" என்று.

எச்சில் விழுங்குகிறேன்.
வலது காது டப்பென்று திறக்கிறது.
இடது காதில் இன்னும் மலை.