கசிவுச் சோதனை

அஸ்திவாரம் தோண்டியபோது ஏழு.
சுவர் எழும்பியபோது ஐந்து.
ஓடு வேய்ந்த வாரம் வந்த தாளில்
மூன்று.

“காற்றுக்கு எண் போடுகிறவன்
வீடு கட்டியிருக்கிறானா?”
ஃபின்டன் கேட்டது என்னிடமல்ல,
கையிலிருந்த ஒட்டுநாடாச் சுருளிடம்.

வாசலில் விசிறியைப் பொருத்தி
வீட்டின் மூச்சை வெளியே இழுத்தேன்.
வெளியே லீட்ரிம் மழை.
புகைக்குச்சி
ஜன்னலோரம் நிமிர்ந்து நின்றது,
ப்ளக் பாயிண்டில் லேசாகத் தலையாட்டியது,
மாடிப்படிக்கடியில்
குழாய் நுழையும் துளையருகே
ஓட்டமெடுத்தது.

பழைய வரைபடத்தில் கணப்பு உண்டு.
புதியதில் இல்லை.
எழும்பிவிட்ட புகைபோக்கியை
இடிக்கக் காசில்லாமல்
அடியில் பலகை அறைந்து
சிலிக்கான் பூசியிருந்தார்கள்.
அதன்மேல்
டக். மறுபடி டக்.

“சாம்பல் கழுத்துக் காக்கை,”
டெர்வ்லா சொன்னாள்.
“மார்ச்சிலிருந்து சுள்ளி போடுகிறது.
இன்னும் நிற்கவில்லை ஒன்றும்.”

மூன்று புள்ளி இரண்டு
என்று காட்டியது கருவி.
யாரும் பேசவில்லை.
ஃபின்டன் நாடாவைப் பல்லால் கிழித்து
படிக்கடியில் மல்லாந்து ஊர்ந்தான்.
பூட்ஸ் மட்டும் தெரிந்தது.

விசிறியை நிறுத்தினேன்.
படிவத்தில்
‘பிற குறிப்புகள்’ என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.

டக்.